மூன்றாம் செமஸ்டர் எலெக்டிவ்: கழிவுநீரா, ஜிஐஎஸ்ஸா? வெள்ளிக்கிழமை கடைசி

நொய்யல்கரை (கேள்வி)

வணக்கம். எம்எஸ்சி சுற்றுச்சூழல் அறிவியல் முதல் வருடம் முடித்திருக்கிறேன். ஊர் திருப்பூர், இளங்கலையில் படித்தது வேதியியல். மூன்றாம் செமஸ்டர் பதிவு வெள்ளி மாலை ஐந்து மணிக்கு மூடுகிறது. எலெக்டிவ் ஒன்றைக்கூட நான் இன்னும் டிக் செய்யவில்லை. நேற்று இரவு மட்டும் நான்கு தடவை பக்கத்தைத் திறந்து மூடினேன்.

கணக்கு இப்படி. படிப்பு முடிய 90 கிரெடிட் வேண்டும், கையில் 44 இருக்கிறது. ஒரு செமஸ்டரில் 24-க்கு மேல் எடுக்க விடமாட்டார்கள். வரும் செமஸ்டரில் கட்டாயப் பாடம் இரண்டும் களப்பணி அறிக்கையும் சேர்ந்து 10. வேறு துறையில் எடுக்கவேண்டிய 2 கிரெடிட் பாடத்தைத் தமிழ்த்துறையில் போட்டுவிட்டேன். மீதி 12-க்கு, தலா 4 கிரெடிட் வீதம் மூன்று எலெக்டிவ். நான்காம் செமஸ்டரில் 22. அதில் ப்ராஜெக்ட்டே 18, ஒரு பாடம் 4.

தேர்ந்தெடுக்க ஏழு இருக்கிறது: தொழிற்சாலைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, தொலையுணர்வும் ஜிஐஎஸ்ஸும் (இடம் சார்ந்த தரவைக் கணினியில் வரைபடமாக்குவது), சூழல் புள்ளியியல், சூழல் நச்சியல், காலநிலை மாற்றம், வன உயிரியல், சூழல் தாக்க மதிப்பீடும் சட்டமும். எனக்குக் கழிவுநீரும் ஜிஐஎஸ்ஸும் இரண்டுமே வேண்டும். ஆனால் இரண்டுக்கும் பிராக்டிகல் வியாழன் மதியம் ஒரே நேரத்தில். கழிவுநீருக்கு 20 பேருக்குத்தான் இடம். ஜிஐஎஸ்ஸை என்பிடெல்லில் (ஐஐடிகளின் இணையப் பாடத் தளம்) எடுத்து கிரெடிட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு சீனியர் சொன்னார். காலநிலை மாற்றத்தில் மார்க் அள்ளிப் போடுவார்கள் என்று இன்னொரு சீனியர்.

ப்ராஜெக்ட்டுக்கு ஒரு யோசனை உண்டு. ஒரத்துப்பாளையம் அணையைச் சுற்றியுள்ள ஊர்களில் கிணற்றுத் தண்ணீரை எடுத்து டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு), குளோரைடு பார்ப்பது. 1992-இல் பாசனத்துக்கென்று கட்டிய அணை. சாயக் கழிவு தேங்கும் தொட்டியாகிப் போனது கொங்குப் பக்கம் எல்லோருக்கும் தெரியும்.

அப்புறம் இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிக் குழப்பம் இதனால்தான். அப்பா சாயப்பட்டறையில் பாய்லர் பார்க்கிறார். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னபோது நான் இரண்டாம் வகுப்பு. அப்பா பகலில் வீட்டில் இருந்து நான் பார்த்தது அப்போதுதான். கழிவுநீர் பேப்பர் எடுக்கலாமா என்று போனில் கேட்டேன். "அந்தத் தண்ணியைப் பாத்துப் பாத்துத்தான் உன்னைப் படிக்க வெச்சேன். நீ திரும்ப அதுக்குள்ளயே போறியா?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

எதை எடுப்பது, எதை விடுவது? வேலைக்குப் போனவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

நெட்_மூணாவது_முறை

சுருக்கமாகச் சொல்கிறேன். பொதுப் பிரிவென்றால் நெட் (கல்லூரி ஆசிரியர் வேலைக்கான தேசியத் தகுதித் தேர்வு) எழுத முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், ஓபிசி, எஸ்சி, எஸ்டிக்கு 50. முதல் இரண்டு செமஸ்டரில் அடி வாங்கியிருந்தால் காலநிலை மாற்றத்தை எடுத்து மார்க்கைத் தூக்கிவிடுங்கள். மார்க் நன்றாக இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள், செய்தித்தாளில் படிப்பதைத்தான் அங்கே எழுதுவீர்கள்.

புள்ளியியலை விட்டுவிடாதீர்கள். நெட் சிலபஸில் பத்து யூனிட், அதில் ஒன்று முழுக்கப் புள்ளியியலும் மாடலிங்கும். அதை நான் விட்டுவிட்டுப் படித்தேன். என் பெயரைப் பார்த்தாலே முடிவு தெரியும்.

---

ஃபெராயின்

கண்ணு, நான் ஒன்பது வருடமாகத் தண்ணீர் பரிசோதனைக்கூடத்தில் இருக்கிறேன். உன் ஊரிலிருந்து தினமும் கேன் கேனாக வரும். மூடியைத் திறந்ததும் எந்த நிறம் அன்றைக்கு ஓடியது என்று சொல்லிவிடுவோம்.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். வீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடிந்ததற்கு வகுப்பில் இடம் பிடிக்காதே. ஜிஐஎஸ் மென்பொருளான க்யூஜிஐஎஸ் இலவசம், உன் மடிக்கணினியிலேயே ஓடும். சென்டினல், லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களும் காசில்லாமல் கிடைக்கும். டேராடூனில் இருக்கும் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையத்தில் இலவசமாகவே வகுப்பு நடத்துகிறது. சட்டத்தைப் படித்துக்கொள்ளலாம். ஆனால் சிஓடி (தண்ணீரிலுள்ள கழிவை வேதிமுறையில் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவு) பார்க்கும் ரிஃப்ளக்ஸ் செட்டை ஹாஸ்டல் அறையில் வைக்க முடியுமா?

கை பழகவேண்டிய வேலை அது. உதாரணம் சொல்கிறேன். சிஓடி புத்தகத்தில் அரைப் பக்கம்தான்: டைக்ரோமேட்டும் கந்தக அமிலமும் விட்டு இரண்டு மணி நேரம் கொதிக்கவை, மிஞ்சியதை ஃபெரஸ் அமோனியம் சல்ஃபேட்டால் டைட்ரேட் செய், நீலப்பச்சை செங்கல் நிறமானால் நிறுத்து. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு சாயத்தண்ணீர் சாம்பிளுக்கு அப்படியே செய்தேன். எண் எகிறிவிட்டது. திரும்பச் செய்தேன், அதே எகிறல். என் மேலதிகாரி பேப்பரைக்கூடப் பார்க்காமல், "குளோரைடு எவ்வளவு?" என்று கேட்டார். நான் பார்க்கவே இல்லை. சாயம் துணியில் பிடிக்க உப்பை மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறார்கள். அந்தக் குளோரைடும் டைக்ரோமேட்டைத் தின்னும், தின்றதெல்லாம் சிஓடி கணக்கில் ஏறும். அதைக் கட்டிப்போடத்தான் மெர்குரிக் சல்ஃபேட். குளோரைடு எவ்வளவு என்று தெரியாமல் அதை எவ்வளவு போடுவாய்? எம்எஸ்சியில் எங்களுக்குக் கொடுத்தது குளத்துத் தண்ணீர் சாம்பிள், அதில் இந்தப் பிரச்சினை வரவே வராது. அதனால் கழிவுநீர் பேப்பர் எடுக்கும்போது வாத்தியாரிடம் ஒன்று கேள்: சாம்பிள் எங்கிருந்து வரும்? நிஜப் பட்டறைத் தண்ணீர் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடு. பாதரசம் கலந்த அந்தக் கழிவைத் தனிப் பாட்டிலில் சேர்க்கிறார்களா, சிங்க்கில் ஊற்றுகிறார்களா என்பதையும் பார்த்துவை. சுற்றுச்சூழல் துறையிலேயே சிங்க்கில் ஊற்றும் இடங்களைப் பார்த்திருக்கிறேன், அதை விடு.

இன்னொன்று. பிராக்டிகல் வியாழக்கிழமை என்கிறாய். பிஓடி (கழிவைத் தின்ன நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவு) எப்படிப் பார்க்கிறார்கள்? பழைய புத்தகமெல்லாம் 20 டிகிரியில் ஐந்து நாள். நம் ஊர் இந்தியத் தர முறையில் 27 டிகிரியில் மூன்று நாள். ஐந்து நாள் என்றால் வியாழன் வைத்தது செவ்வாய் வரும், கவலையில்லை. மூன்று நாள் என்றால் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை லேபை யார் திறப்பார்கள்? இதைக் கேட்காமல் பதிவு செய்யாதே. சின்ன விஷயம்போலத் தெரியும், ஒரு செமஸ்டர் முழுக்கப் பொய் ரீடிங் எழுதுவதும் எழுதாததும் இதில்தான் இருக்கிறது.

அப்பா சொன்னதற்கு: அவர் பாய்லர் முன்னால் நிற்கிறார். நீ நிற்கப்போவது அந்தத் தண்ணீர் வெளியே வருகிற இடத்தில், கையில் பாட்டிலோடு. இரண்டும் ஒரே வேலை இல்லை. ஆனால் அவர் சொன்னதில் தப்பும் இல்லை. சாயத்தொழில் அவருக்கு என்னவெல்லாம் செய்திருக்கிறது என்று நமக்கு என்ன தெரியும்?

---

மூன்றுமாத_பேஸ்லைன்

ஃபெராயின் அக்கா சொன்னதில் பாதி சரி. ஜிஐஎஸ் பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தாக்க மதிப்பீடு செய்யும் கன்சல்டன்சி ஒன்றில் சூழலியல் பார்க்கிறேன். வேலைக்கு வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு "க்யூஜிஐஎஸ் தெரியும்". உட்காரவைத்தால் தெரிவது பட்டனை எங்கே அழுத்துவது என்பது மட்டும். உங்கள் ப்ராஜெக்ட்டையே எடுங்கள். கிணறு கிணறாக டிடிஎஸ் எடுப்பீர்கள், பிறகு ஐடிடபிள்யூ (கிணறுகளுக்கு நடுவே உள்ள இடத்தை அருகிலுள்ள கிணறுகளின் எண்ணை வைத்து நிரப்பும் முறை) போட்டு ஒரு வண்ண மேப் வரும். பதினைந்து கிணற்றை வைத்துப் போட்டால் ஒவ்வொரு கிணற்றைச் சுற்றியும் அம்மை போட்டதுபோல வட்டம் வட்டமாக விழும். அது மாசு அல்ல, உங்கள் கிணறுகளின் இடைவெளி. வைவாவில் வெளியிலிருந்து வந்தவர் "இந்த வட்டம் என்ன?" என்று கேட்டால் யூடியூப் வீடியோ பதில் சொல்லாது. வகுப்பில் எடுக்க முடியாவிட்டால், வாராவாரம் அசைன்மென்ட் போட்டு, நேரில் போய்ப் பரீட்சை எழுதவேண்டிய என்பிடெல்லாவது எடுங்கள். சும்மா பார்த்துக்கொள்கிறேன் என்றால் பார்க்க மாட்டீர்கள். நானே பார்க்கவில்லை.

தாக்க மதிப்பீட்டு பேப்பர் இந்த செமஸ்டரில் வேண்டாம், நான்காவதில் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். தாக்க மதிப்பீட்டுக்கான 2006 அரசு அறிவிக்கையை வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்யவைத்துவிடுவோம். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கன்சல்டன்சிகளுக்கான நாபெட் அங்கீகாரத்தில் காற்று, நீர், ஒலி, சூழலியல், நிலப் பயன்பாடு, நிலநீரியல் என்று பன்னிரண்டு பிரிவு உண்டு, ஒவ்வொன்றுக்கும் நிபுணரைத் தனித்தனியாக அங்கீகரிக்கிறார்கள். எல்லாம் தெரிந்தவர் என்று அங்கே யாரும் கிடையாது. நீர் என்றால் நீர். உங்கள் வேதியியல் பட்டத்தோடு கழிவுநீரும் சேர்ந்தால் அந்தப் பக்கம் நேராகப் போய்விடலாம்.

புள்ளியியல் இந்த செமஸ்டரே எடுத்தாகவேண்டும். மார்க்குக்காகவோ நெட்டுக்காகவோ சொல்லவில்லை. டிசம்பரில் சாம்பிள் எடுக்க இறங்குவீர்கள். எத்தனை கிணறு, ஒரு கிணற்றில் எத்தனை முறை, அணையிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி ஒப்பீட்டுக் கிணறு என்பதெல்லாம் இறங்குவதற்கு முன்பே முடிவாகவேண்டியவை. எடுத்து முடித்துவிட்டு "இதற்கு எந்த டெஸ்ட் போடலாம்?" என்று ஓடிவருகிறவர்களுக்குச் சொல்ல எங்களிடம் ஒன்றும் இருக்காது. வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒருமுறை, ஏப்ரலில் ஒருமுறை எடுக்கத் திட்டமிடுங்கள். மழையோடு எடுத்துவிட்டுக் கிணறெல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள்.

வன உயிரியல் ஏன் யாருமே எடுப்பதில்லை? உங்கள் ஊர் நஞ்சராயன் குளம் 2024-இல் ராம்சார் தளமானது (சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலம்). குளிர்காலத்தில் வரித்தலை வாத்து வருகிற குளம் அது. திருப்பூர் என்றால் சாயம் மட்டும்தானா? சரி, இது என் சொந்த ஆதங்கம், உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள்.

---

எண்பத்தொன்பது

இவர்கள் எல்லோரும் பாடத்தைப் பேசுகிறார்கள். நான் கூட்டல் கணக்கைப் பேசுகிறேன், ஏனென்றால் அதில் மாட்டி ஆறு மாதம் போனவன் நான்.

என்பிடெல்லில் 12 வாரப் பாடத்துக்கு 3 கிரெடிட். உங்கள் எலெக்டிவ் 4 கிரெடிட். ஜிஐஎஸ்ஸை அங்கே எடுத்தால் இந்த செமஸ்டர் 10 + 2 + 8 + 3 = 23. கையில் 44, அடுத்தது 22. கூட்டிப் பாருங்கள், 89 வரும். ஒன்று குறைந்தாலும் பட்டம் கிடையாது. எனக்கு இது தெரியவந்தது நான்காம் செமஸ்டர் ரிசல்ட் வந்த பிறகு. கூடப் படித்தவர்கள் பட்டமளிப்பு விழாப் புகைப்படம் போட்டுக்கொண்டிருந்தபோது நான் அந்த ஒரு கிரெடிட்டுக்காக ஜூனியர்களோடு உட்கார்ந்திருந்தேன். என் பெயர் இந்தத் தளத்தில் அதனால்தான் இப்படி.

வழி இருக்கிறது. 4 வாரப் பாடம் ஒன்று சேர்த்து எடுத்தால் அது 1 கிரெடிட். 24 ஆகிவிடும், உச்சவரம்புக்கும் சரி, 90-க்கும் சரி. ஆனால் இரண்டையும் உங்கள் துறை ஏற்கவேண்டும். யுஜிசி 2021 விதிப்படி ஒரு செமஸ்டரில் 40 சதவீதம் வரை ஸ்வயம் (என்பிடெல்லும் சேர்ந்த மத்திய அரசு இணையத் தளம்) பாடங்களை அனுமதிக்கலாம். அனுமதிக்கலாம் என்பதுதான், எந்தப் பாடம் எதற்கு ஈடு என்று முடிவு செய்வது உங்கள் பல்கலைக்கழகம். பாடம் தொடங்கும் முன்பே எச்ஓடி கையெழுத்துப் போட்ட கடிதம் வாங்கி, நகல் ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். "சார் வாய்மொழியாகச் சரின்னு சொன்னார்" என்றால் அலுவலகத்தில் சிரிப்பார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பாடத்தில் சேருவது இலவசம், பரீட்சைக்கு 1000 ரூபாய். அசைன்மென்ட்டுக்கு 25, பரீட்சைக்கு 75. அசைன்மென்ட்டில் 10-ம் பரீட்சையில் 30-ம் தனித்தனியாகத் தாண்டவேண்டும், மொத்தத்தில் பாஸ் என்பது அங்கே செல்லாது. பரீட்சைத் தேதி உங்கள் செமஸ்டர் தேர்வோடு மோதுகிறதா என்று இப்போதே பாருங்கள். ரிசல்ட் வருவதற்குள் உங்கள் அலுவலகம் மார்க்ஷீட்டை மூடிவிடுமா என்றும் கேளுங்கள்.

---

நொய்யல்கரை

எல்லோருக்கும் நன்றி. இன்று புதன், காலையிலிருந்து படியேறி இறங்கியதில் கால் வலிக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அலுவலகம். 89 என்று எழுதிக் காட்டினேன். அங்கிருந்த அம்மா கால்குலேட்டரில் இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டு, "ஆமாம்மா, யாரும் இதைக் கேட்டதில்லை" என்றார். எண்பத்தொன்பது அண்ணா, உங்கள் ஆறு மாதம் எனக்கு உதவிவிட்டது, அதைச் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. ஜிஐஎஸ் 12 வாரம், அதோடு 4 வாரப் பாடம் ஒன்று, இரண்டுக்கும் எச்ஓடி கடிதம் கொடுத்துவிட்டார். நகல் ஹாஸ்டல் பெட்டியில் இருக்கிறது. பரீட்சைத் தேதி எங்கள் செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய வாரம். நெருக்கம்தான், மோதல் இல்லை.

தாக்க மதிப்பீடு நான்காவதிலும் உண்டாம். அதனால் இப்போது கழிவுநீர், புள்ளியியல், என்பிடெல் ஜிஐஎஸ். டிக் செய்துவிட்டேன். கழிவுநீரில் எனக்குக் கிடைத்தது பதினெட்டாவது இடம். நஞ்சராயன் குளத்துக்கு எப்படியும் போவேன் பேஸ்லைன் அண்ணா, சின்ன வயதிலிருந்து பஸ்ஸில் தாண்டிப் போயிருக்கிறேனே தவிர இறங்கியதில்லை.

ஃபெராயின் அக்கா, நீங்கள் கேட்கச் சொன்ன இரண்டையும் கேட்டேன். சாம்பிள் இதுவரை கேம்பஸ் கழிவுநீர்தானாம். பட்டறைத் தண்ணீர் என்னால் கொண்டுவர முடியும் என்றேன், மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்கள், "கொண்டு வா" என்றார்கள். எடுத்துத் தரவேண்டியது அப்பாதான். அவரிடம் இன்னும் கேட்கவில்லை. எடுக்கப்போகும் பேப்பர் என்ன என்பதையே இன்னும் சொல்லவில்லை.

பிஓடி மூன்று நாள் முறைதான், 27 டிகிரி. ஞாயிறு யார் பார்ப்பது என்று லேப் உதவியாளர் அண்ணனிடம் கேட்டதற்குச் சிரித்தார். போன வருடம் வரை திங்கள் காலை எடுத்துவிட்டு மூன்று நாள் என்று எழுதிக்கொண்டிருந்தார்களாம். நான் ஞாயிறு வருகிறேன், சாவி தருவீர்களா என்றேன். வாட்ச்மேன் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வாங்கிக்கொள் என்று சொல்லியிருக்கிறார்.

---

ஃபெராயின்

சனிக்கிழமையும் ஒரு எட்டு போய் பாட்டில் மூடியைச் சுற்றித் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்துவிடு. வற்றியிருந்தால் காற்று உள்ளே போய்விடும், ஞாயிறு வந்தும் பிரயோஜனமில்லை. அப்பாவிடம் கேன் கேட்கும்போது, சாம்பிளை விளிம்பு வரை நிரப்பி மூடித் தரச் சொல்.